தெரியாத ஆங்கில வினைச்சொல்: சறுக்கும் இடங்கள்

கொழும்பில் கடலோரமாக இருக்கும் வெள்ளவத்தையில் வீடு தேடுபவர்களுக்கு ‘ஓவர்லுக்’ என்ற வினை விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும். அகராதியில் பார்த்தால் ‘கவனிக்காமல் விடு’ என்றும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு வாசித்தால், அடுக்குமாடி வீடு கடலைக் கவனிக்காமல் விடுகிறது! உண்மையில், அந்த வீட்டிலிருந்து பார்த்தால் கடல் தெரியும் என்கிறார்கள். முதலில் கிடைத்த அர்த்தத்தோடு அகராதியை மூடிவிடுவதுதான் தவறுகளில் பெரியது. சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழ் எழுதிவைக்கும் ரியூசன் பழக்கம் இதை இன்னும் கெடுக்கிறது என்பேன்.

அகராதியைத் திறக்கமுன், யார் செய்கிறார், எதைச் செய்கிறார் என்று பாருங்கள். வங்கி கடனை ‘சாங்ஷன்’ செய்தால் அது அனுமதி. ஒரு நாடு இன்னொரு நாட்டைச் ‘சாங்ஷன்’ செய்தால் அது தடை.

‘டேபிள்’ இதைவிடப் பொல்லாதது. அமைச்சர் அறிக்கையை ‘டேபிள்’ செய்தார் என்று கொழும்புப் பத்திரிகை எழுதினால், நாடாளுமன்றத்தில் சமர்ப்பித்தார் என்று பொருள். அமெரிக்க செனட் ஒரு சட்டமூலத்தை ‘டேபிள்’ செய்தது என்றால், அதைக் கிடப்பில் போட்டுவிட்டது. நாங்கள் படித்தது பிரித்தானிய வழி ஆங்கிலம். கைபேசியில் இரண்டும் கலந்து வருகின்றன. செய்தி எந்த நாட்டுக்காரர் எழுதியது என்பதும் அர்த்தத்தின் ஒரு பகுதிதான்.

வினைக்குப் பின்னால் வரும் சின்னச் சொல்லை விழுங்கிவிடுவது இன்னொரு தவறு. ரயில் வேலைநிறுத்தத்துக்குச் சங்கம் ‘கோல் ஃபோர்’ செய்தால் அழைப்பு விடுத்திருக்கிறது. ‘கோல் ஒஃப்’ செய்தால் கைவிட்டிருக்கிறது. ‘கோல்’ மட்டும் கண்ணில் பட்டு வீட்டில் இருந்துவிட்டால் ஒரு நாள் சம்பளம் போகும். அந்தச் சின்னச் சொல் ஒட்டியே நிற்கும் என்றும் இல்லை: ‘டேர்ன்ட் த ஒஃபர் டவுன்’ என்பதில் ‘டவுன்’ கடைசியில்தான் வருகிறது. வேலையை மறுத்துவிட்டார் என்பதை அதுதான் சொல்கிறது.

சொல்லைப் பிய்த்து அர்த்தம் தேடுவதும் வேண்டாம். ‘அண்டர்டேக்’ என்றால் கீழே எடுப்பதல்ல, பொறுப்பேற்பது.

கதையோ செய்தியோ என்றால் ஊகித்துக்கொண்டு அடுத்த இரண்டு வரிகளை வாசியுங்கள். ஊகம் பிழையென்றால் அங்கேயே இடிக்கும். வாடகை உடன்படிக்கையில் அப்படிச் செய்யவேண்டாம். ‘வேய்வ்’ (waive) என்று இருந்தால் ஏதோ ஓர் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுப்பதாக இருக்கலாம். எதை என்று சட்டத்தரணியிடம் கேட்டபின் கையெழுத்துப் போடுங்கள்.