மேட்டுப்பாளையத்தை ஒரு நாளில் தெரிந்துகொள்வது எப்படி

நீலகிரி எக்ஸ்பிரஸில் விடிகாலை வந்து இறங்குகிறவர்கள் நேரே மலை ரயிலில் ஏறி ஊட்டிக்குப் போய்விடுகிறார்கள். எங்க ஊரைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. அடுத்த முறை ஒரு நாள் இங்கே தங்குங்கள்.

முதலில் நடைமேடையில் நின்று இரண்டு தண்டவாளங்களையும் பாருங்கள். கோவையிலிருந்து வருவது 1,676 மில்லிமீட்டர் அகலம், மலைக்குப் போவது 1,000. இதில் வந்த பெட்டி அதில் ஓடாது. ஆளோ மூட்டையோ, இங்கே இறங்கித்தான் தீர வேண்டும். எங்க ஊர் பெருத்த கதை அந்த 676 மில்லிமீட்டருக்குள் அடங்கியிருக்கிறது.

1873-ல் ரயில் இங்கே வந்தது. குன்னூருக்கு மலைப்பாதை திறந்தது 1899-ல், ஊட்டிக்கு 1908-ல். குன்னூர்ப் பாதை வரும்வரை 26 வருஷம் மலையேறியவர்களுக்குக் குதிரை வண்டியும் மாட்டு வண்டியும்தான். என் தாத்தா மலை வேகனில் இறங்கிய கிழங்கு மூட்டைகளைப் பெரிய வேகனுக்கு மாற்றி ஏற்றியவர். அவர் தோளில் இருந்த காய்ப்பைச் சின்ன வயதில் தொட்டுப் பார்த்திருக்கிறேன், கல் மாதிரி இருக்கும். தண்டவாளம் போட்டவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். மூட்டை மாற்றியவர்களைப் பற்றியும் எழுதியிருக்க வேண்டும்.

ஏழு மணிக்குள் மலை ரயிலருகே போய்விடுங்கள். இன்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளுவதையும், ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக் பிடிக்க ஒரு ஆள் நிற்பதையும் கவனியுங்கள்.

வண்டி போனதும் உருளைக்கிழங்கு மண்டிக்கு நடங்கள். இப்போது எல்லாம் லாரிதான். ஆனாலும் தரம் பிரிப்பதும் ஏலம் விடுவதும் நின்றுபோகவில்லை. மூட்டை தூக்கி வருகிறவருக்கு வழி விட்டு ஓரமாக நில்லுங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். எந்தக் கிழங்கு எந்த ஊர் என்று கேளுங்கள், வேலை ஓய்ந்த நேரமென்றால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

மதியத்துக்கு மேல் பஸ் பிடித்துக் கல்லாறு. பல் தண்டவாளம் இங்கேதான் தொடங்குகிறது. இதற்கு மேல் 12 அடிக்கு ஓரடி வரை ஏற்றம். நடுவில் இரண்டு பல் பட்டைகள் ஒட்டி ஓடும். ஒன்றின் பல் இன்னொன்றின் பள்ளத்துக்கு நேராக இருக்கும். அதனால் இவற்றைக் கவ்வி ஏறும் இன்ஜினின் பல் சக்கரத்தின் பிடி ஒருபோதும் விடுபடாது. தண்டவாளத்தில் நடக்க வேண்டாம், யானை நடமாடும் இடம்.

இருட்டும் முன் ஊர் திரும்பி, சாயங்கால வண்டி பவானிப் பாலத்தைத் தாண்டி வருவதைப் பாருங்கள்.