ஸ்கேன்ல டெர்மாய்டு சிஸ்ட்னு வந்தா என்ன பண்ணணும்?

ரிப்போர்ட்ல ஓவரில, அதாவது சினைப்பைல, "டெர்மாய்டு சிஸ்ட்"னு பாத்ததும் சில பேரு கேன்சர்னு நெனச்சு ராத்திரி பூரா அழறாங்க, சில பேரு "நீர்க்கட்டிதானே, மாத்திரை போட்டா கரைஞ்சிரும்"னு ஃபைல உள்ள வச்சிடறாங்க. என் தங்கச்சிக்கு 22 வயசுல வந்தப்ப நாங்க ரெண்டாவதத்தான் பண்ணோம், பழைய ப்ரிஸ்கிரிப்ஷன்லயே ஆறு மாசம் மாத்திரை வாங்கிக் குடுத்துட்டு மறுபடி டாக்டர்கிட்ட போகவே இல்ல, அது எங்க கொண்டுபோய் விட்டுச்சுன்னு கீழ சொல்றேன்.

நீர்க்கட்டின்னு நாம பொதுவா சொல்றதுல வேற வேற சமாச்சாரம் கலந்து கிடக்கு. பிசிஓஎஸ்ங்கற ஹார்மோன் கோளாறுல ஓவரி பூரா குட்டி குட்டியா தெரியறது வளராம நின்ன முட்டைப் பைங்க, அது கட்டியே இல்ல. மாசாமாசம் முட்டை உருவாகறப்ப வர்ற சாதா சிஸ்ட் ரெண்டு மூணு பீரியட்ஸுக்குள்ள தானாவே போயிரும். டெர்மாய்டு அப்படி இல்லங்க. முட்டையா ஆக வேண்டிய செல்லுக்கு உடம்போட எந்தப் பாகமாவும் மாறற சக்தி உண்டு, அதுல ஒண்ணு தானா வளர ஆரம்பிச்சா உள்ள கொழுப்பு, முடி, தோலு, சில சமயம் பல்லு கூட இருக்கும். இதக் கேட்டுட்டு அந்தப் பொண்ண சந்தேகமா பாக்கறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க, உடலுறவுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது, வயசுக்கு வராத குழந்தைக்குக் கூட வரும். சாப்பாட்டாலயும் வரல, அவ பண்ண எதாலயும் வரல. முடியும் கொழுப்பும் மாத்திரைல கரையாதுங்கறதயும் இப்பவே மனசுல வச்சுக்கோங்க, ஹார்மோன் மாத்திரையும் சரி கஷாயமும் சரி.

பெரும்பாலும் வலியே இருக்காது, வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்கறப்ப மாட்டும். சில பேருக்கு அடிவயித்துல ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்கற மாதிரி, கனமா, இல்ல அடிக்கடி யூரின் வர்ற மாதிரி இருக்கும். ஸ்கேன் ரெண்டு விதமா எடுப்பாங்க, தண்ணி நெறைய குடிச்சு வயித்து மேல வச்சு பாக்கறது ஒண்ணு, பிறப்புறுப்பு வழியா பாக்கறது இன்னொண்ணு. ரெண்டாவதுல தெளிவா தெரியும், ஆனா உடலுறவு அனுபவம் இல்லாத பொண்ணுன்னா அத முன்னாடியே சொல்லிடுங்க, வயித்து மேலயே பாப்பாங்க, பத்தலன்னா ஆசனவாய் வழியாவோ எம்ஆர்ஐலயோ பாக்கலாம். கொழுப்பும் முடியும் ஸ்கேன்ல பளிச்சுனு வெள்ளையா தெரியும், அதுக்குப் பின்னாடி நிழல் விழும், அனுபவமுள்ள டாக்டர் பாத்ததும் சொல்லிடுவார். குழப்பம் வர்றது ரத்தம் கட்டின சிஸ்ட்லயும் சாக்லேட் சிஸ்ட்லயும்தான் (கருப்பை உள்சவ்வு மாதிரி திசு வெளில வளர்ற எண்டோமெட்ரியோசிஸ்னால ஓவரில வர்ற கட்டி அது). ரத்தக் கட்டின்னா ஆறு எட்டு வாரம் கழிச்சுப் பாத்தா சுருங்கியிருக்கும், டெர்மாய்டு அப்படியே இருக்கும். அப்பவும் சந்தேகம்னா எம்ஆர்ஐ, அதுல கொழுப்ப மட்டும் மறைச்சுப் பாக்கற முறை இருக்கு, மறைஞ்சா டெர்மாய்டு. ரிப்போர்ட்ல அளவு மில்லிமீட்டர்லயா சென்டிமீட்டர்லயான்னு பாருங்க, 48 மிமீன்னு இருக்கறத 48 சென்டிமீட்டர்னு படிச்சுட்டு அலறினவங்களும் உண்டு.

ரத்த டெஸ்ட்ல சின்ன வயசுக்காரங்களுக்கு முக்கியமானது ஏஎஃப்பி, பீட்டா ஹெச்சிஜி, எல்டிஹெச் மூணும். கட்டி சந்தேகமா இருந்தா முதிராத டெரட்டோமாவோ (டெர்மாய்டுக்கு மருத்துவப் பேரு முதிர்ந்த டெரட்டோமா, முதிராதது கேன்சர் வகை) வேற முட்டைச்செல் கேன்சரோன்னு பாக்கறதுக்காக. கேன்சர் சந்தேகத்துல பாக்கற சிஏ 125ங்கற இன்னொரு டெஸ்ட் கொஞ்சம் ஏறியிருந்தா பதறாதீங்க, பீரியட்ஸ் டைம்லயும் எண்டோமெட்ரியோசிஸ்லயும் கூட ஏறும். சாதா டெர்மாய்டு கேன்சரா மாறறது நூத்துல ஒண்ணு ரெண்டுதான், அதுவும் பெரும்பாலும் வயசானவங்களுக்கு.

நெசமா பயப்பட வேண்டியது ஓவரி முறுக்கிக்கறதுக்குத்தான். கட்டியோட கனத்துல ஓவரி தன்னோட தண்டுலயே சுத்திக்கிட்டு ரத்த ஓட்டம் நின்னுரும். திடீர்னு ஒரு பக்கம் தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி, சில சமயம் வலி விட்டு விட்டு வரும், அதனால கேஸ்னு நெனச்சு ஓமத்தண்ணி குடுத்துட்டு உக்காந்திருப்போம், என் தங்கச்சிக்கு அந்த ராத்திரி நாங்க அதத்தான் பண்ணோம். அப்படிப் பண்ணாதீங்க, எதுவும் சாப்பிடாம நேரா எமர்ஜென்சிக்குப் போங்க, போனதும் "டெர்மாய்டு இருக்கு"ன்னு சொல்லி பழைய ரிப்போர்ட்ட நீட்டுங்க. டாப்ளர் ஸ்கேன்ல ரத்த ஓட்டம் தெரியுதுன்னாலும் முறுக்கு இல்லன்னு ஆயிடாது, வலி நிக்கலன்னா விடாதீங்க. ஆபரேஷன்ல ஓவரி கருநீலமா இருந்தாலும் முறுக்க எடுத்துவிட்டா பெரும்பாலும் பிழைச்சுக்கும், பாக்கறதுக்கு செத்த மாதிரி இருக்குன்னே வெட்டி எடுக்கணும்னு இல்ல. எங்க சர்ஜன் முறுக்க எடுத்துட்டு ஓவரிய விட்டு வச்சாங்க, அப்புறம் எடுத்த ஸ்கேன்ல அதுலயே முட்டைப் பைங்க தெரிஞ்சுது, அம்மா அந்த ஸ்கேன் ரூம்லயே அழுதுட்டாங்க.

ஆபரேஷன் எப்பன்னா, 5 சென்டிமீட்டருக்குக் கீழ இருந்து தொந்தரவும் இல்லன்னா வருஷத்துக்கு ஒரு ஸ்கேன்னு பாத்துக்கிட்டே போகலாம், சராசரியா வருஷத்துக்கு 2 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். 5 சென்டிமீட்டருக்கு மேல போனா, வலி இருந்தா, வேகமா வளந்தா, இல்ல உருவம் சந்தேகமா இருந்தா எடுக்கச் சொல்வாங்க. அப்ப நீங்க கேக்க வேண்டியது: கட்டிய மட்டும் எடுப்பீங்களா, ஓவரியோட சேத்து எடுப்பீங்களா? சின்ன வயசுல கட்டிய மட்டும் உரிச்செடுக்கறதுதான் வழக்கம், லேப்ராஸ்கோபிலயே முடியும். பைக்குள்ள போட்டு எடுப்பீங்களான்னும் கேளுங்க, ஏன்னா உள்ள இருக்கற கொழுப்பு வயித்துக்குள்ள சிந்தினா ரொம்ப அரிதா கடுமையான அழற்சி வரும், அதனால சிந்தினா வெதுவெதுப்பான சலைன் விட்டு நல்லா கழுவுவாங்க. நூத்துல பத்து பதினஞ்சு பேருக்கு ரெண்டு ஓவரிலயும் இருக்கும், அதனால அடுத்த பக்கத்தயும் பாக்கச் சொல்லுங்க. ரெண்டு பக்கமும் ஆபரேஷன்னா முன்னாடியே ஏஎம்ஹெச் டெஸ்ட் எடுத்து முட்டை இருப்ப தெரிஞ்சுக்கறது நல்லது, கட்டி உரிக்கறப்ப கொஞ்சம் நல்ல திசுவும் போகும். ஒரு பக்கம்தான்னா குழந்தை பெத்துக்கறதுக்குப் பெரும்பாலும் பிரச்சனை இல்ல.

இன்னொண்ணு, ரொம்ப அரிதுதான் ஆனா தெரிஞ்சிருக்கணும். நல்லா இருந்த பொண்ணு சில நாள்லயே தூங்காம, சம்பந்தமில்லாம பேசி, இல்லாதத பாத்து பயந்து, ஃபிட்ஸும் வந்தா பேய் புடிச்சிருக்குன்னோ மனநோய்னோ முடிவு கட்டாதீங்க. ஓவரில இருக்கற டெரட்டோமாவுக்கு எதிரா உடம்பு உண்டாக்கற ஆன்டிபாடி மூளைய தாக்கற நோய் ஒண்ணு இருக்கு, 2007ல அடையாளம் கண்டாங்க. நியூராலஜிஸ்ட்கிட்ட ஓவரிலயும் ஸ்கேன் பண்ணுங்கன்னு கேளுங்க, சீக்கிரம் கண்டுபிடிச்சு கட்டிய எடுத்து மருந்தும் குடுத்தா நெறைய பேரு தேறிடறாங்க.

லேப்ராஸ்கோபி முடிஞ்சா பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல வீடு, தோள்பட்டை வலிச்சா பயப்படாதீங்க, வயித்துல விட்ட கேஸ்னால வர்றது. காய்ச்சல், வலி கூடிக்கிட்டே போறது, வயிறு உப்பறதுன்னா உடனே போங்க. பயாப்ஸி ரிப்போர்ட்ட மறக்காம வாங்குங்க, வலி போயிருச்சுன்னு நெறைய பேரு வாங்காமலே விட்டுடறாங்க. "மெச்சூர் சிஸ்டிக் டெரட்டோமா"ன்னு இருந்தா நிம்மதி, "இம்மெச்சூர்"னு இருந்தா அதே வாரம் கேன்சர் டாக்டர பாக்கணும். திரும்ப வர்றது சில பேருக்கு உண்டு, எப்ப எப்ப ஸ்கேன் எடுக்கணும்னு டாக்டர்கிட்ட கேட்டு தேதி குறிச்சுக்கோங்க, பழைய படங்களையும் கையோட எடுத்துட்டுப் போங்க, ஒப்பிட்டுப் பாக்க அதுதான் வேணும்.