வடிநீருக்குள் உப்பு வந்த வழி

கடல்நீரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தட்டில் வைத்து, வெயிலில் ஆவியாக்கி வடித்த நீரில் பள்ளித் திட்டத்துக்காகப் பயற்றங்காய் வளர்த்தோம். இலை ஓரமெல்லாம் கருகியது. மண்ணை மாற்றினோம், உரத்தை நிறுத்தினோம், நிழலுக்கு நகர்த்தினோம். ஒன்பது நாள் வீண். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருந்தாலும் ஆவியோடு அது வராதே என்று வடிநீரைச் சந்தேகிக்கவே இல்லை.

அப்புறம்தான் நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்தோம்: 1400 பிபிஎம், அதாவது லிட்டருக்குச் சுமார் 1.4 கிராம். தட்டின் விளிம்பில் மெல்லிய வெள்ளைப் பொருக்கு. உப்புப் படிகங்கள் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சிச் சுவரில் ஏறி, விளிம்பைத் தாண்டி, வடிநீர் ஓடும் பிளந்த பிவிசி குழாய்க்குள் இறங்கியிருந்தன!

குழாயைக் கழுவி, தட்டைத் தொடாமல் இரண்டு விரல் தள்ளிப் பொருத்தினோம். தினமும் காலையில் விளிம்பைத் துடைத்தோம். மறுநாள் மீட்டரில் 15. நிம்மதி. மண்ணில் தங்கிய உப்பையும் அதே நீரால் அலசிய பிறகே பச்சைத் தளிர் வந்தது.