திருகோணமலை போகிறவர்களுக்கு: கந்தோர் வேலையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்

ஊருக்குப் போய்வந்தவர்கள் எழுதுகிற குறிப்புகளில் நுளம்புத்திரிக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் குறைவில்லை. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். பெட்டி கட்டத் தெரியாதவர் நம்மில் யாருமில்லை. விமான நிலையத்துத் தராசுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சொக்கிலேற்றை ஒரு பெட்டியிலிருந்து மற்றதுக்கு மாற்றிப் பழகிய சனம் நாங்கள்.

காலத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். டிசம்பரில் லீவு கிடைக்கிறது என்று எல்லாரும் டிசம்பரில் போகிறார்கள். கிழக்குக் கரைக்கு அது மாரி. வடகீழ்ப் பருவக்காற்று ஒக்டோபரில் பிடித்தால் ஜனவரி வரை விடாது. அலை எழும்பும், படகு ஓடாது, விடுதிகளில் பாதி மூடிக் கிடக்கும். அந்த மாதங்களில் கடலில் குளிக்க ஆசையென்றால் தெற்கே காலி நகரப் பக்கம் போங்கள். திருகோணமலைக்கு மே முதல் செப்டெம்பர் வரைதான். அப்போது டவுனுக்கு வடக்கே நிலாவெளிக் கடல் குளம்போலக் கிடக்கும், சின்னப் பிள்ளைகளையும் பயமில்லாமல் இறக்கலாம். வெயில் கொளுத்தும், அதைத் தாங்கத்தான் வேண்டும்.

கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயில் இருக்கிறது. படுக்கையோ முன்பதிவு ஆசனமோ வேண்டுமென்றால் முன்கூட்டியே எடுத்துவிடவேண்டும், கடைசிநேரத்தில் கிடைக்காது. வான் பிடித்தால் தம்புள்ளை, ஹபரணை வழியாகப் பகலில் வாருங்கள். கந்தளாய்க் குளத்தடியில் இறங்கிக் கால் நீட்டாமல் நேரே ஓட்டிக்கொண்டு வருவதில் என்ன லாபம்? யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் முல்லைத்தீவு, புல்மோட்டை வழியாக வரலாம். வழியில் யாருடைய காணி யாருடையதாயிற்று என்று சாரதி சொல்லிக்கொண்டே வருவார். கேட்டுக்கொண்டு வாருங்கள்.

தங்குவதற்கு உப்புவெளி நல்லது. டவுனுக்குக் கிட்ட, கடலும் முன்னால். உறவினர் வீட்டில் தங்கவேண்டும் என்று கட்டாயப்படுத்துவார்கள். ஒருநாள் தங்குங்கள், சாப்பிடுங்கள், மற்ற நாட்களுக்கு அறை எடுங்கள். ஏன் என்று கீழே வரும்.

கோணேசர் கோயிலுக்கு விடியவே போய்விடுங்கள். பிரட்றிக் கோட்டை வாசலுக்குள்ளால் போகவேண்டும், உள்ளே இன்னும் இராணுவம் இருக்கிறது. மான்கள் ஆட்களுக்குப் பழகி வந்து கையை மோப்பம் பிடிக்கும். பொலித்தீன் பையோடு எதையும் நீட்டாதீர்கள், பையையும் சேர்த்துத் தின்றுவிடும். ஒன்பது மணிக்குப் பிறகு கல்லில் வெறுங்கால் வைக்கமுடியாது. மலை விளிம்பில் நின்று இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவைக் காட்டும்போது பிள்ளைகளுக்கு மற்றக் கதையையும் சொல்லுங்கள். சம்பந்தர் ‘கோணமாமலை அமர்ந்தாரே’ என்று பாடிய கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்து, அந்தக் கல்லையே கோட்டை கட்ட எடுத்தார்கள். 1950இல் கிணறு வெட்டும்போது பழைய விக்கிரகங்கள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் இந்த மலையடியில் சுழியோடி, கடலுக்குள் கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். இப்போது நாங்கள் கும்பிடுகிற கட்டடம் 1963இல் குடமுழுக்குக் கண்டது. என் மகள் தமிழ் அரைகுறை. விக்கிரகங்கள் முந்நூறு வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்ததைக் கேட்டதும் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டாள். வேறெந்த வழிகாட்டியும் அதைச் செய்யவில்லை.

இனி, இதை எழுதவைத்த விஷயம்.

நாங்கள் போய் இறங்கிய அன்றிரவே மாமா வந்துவிட்டார். பிள்ளைகளுக்கு ஒரு முறுக்குச் சரை, எனக்கு ஒரு பிளாஸ்ரிக் கோப்பு. “சின்ன வேலை தம்பி. ஒரு கையெழுத்து. பத்து நிமிசம் காணும்.”

அம்மம்மாவின் காணி, பங்கு பிரிக்காமல் கிடப்பது. விற்பதென்றாலும் வங்கியில் வைப்பதென்றாலும் உரித்தாளிகள் எல்லாரும் கையெழுத்து வைக்கவேண்டும். அம்மா இல்லை, ஆகவே அவருடைய பங்குக்கு நான். காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசு என் பிறப்புச் சான்றிதழின் புதுப் பிரதி, அம்மாவின் மரணச் சான்றிதழ், என் கடவுச்சீட்டு மூன்றையும் கேட்டிருந்தார். பத்து நிமிடம் என்பது இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிற குடும்பங்களுக்கான கணக்கு.

பிறப்புச் சான்றிதழின் பிரதியை, பிறப்புப் பதிவான இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். பதிவிலக்கமும் பதிந்த திகதியும் கையிலிருந்தால் படிவத்தை நிரப்பிக் காசைக் கட்டினால் வேலை ஓடும். இலக்கம் இல்லாவிட்டால் பதிவேட்டைத் தேடவேண்டும். என்னிடமிருந்தது அகதி விண்ணப்பத்துக்கு மொழிபெயர்த்த பிரதியின் போட்டோக்கொப்பி. இலக்கம் இருக்கவேண்டிய இடத்தில் மொழிபெயர்ப்பாளரின் முத்திரை அழுத்தமாக விழுந்திருந்தது. முதல் மேசை எங்களை இரண்டாவது மேசைக்கு அனுப்பியது. இரண்டாவது மேசைக்காரர் பயிற்சிக்குப் போயிருந்தார். அடுத்தநாள் அவர் வந்தார், பதிவேட்டு அறையின் திறப்பு (சாவி) வரவில்லை. அதற்கடுத்த நாள் போயா. பௌர்ணமி எப்போது வருகிறது என்று கலண்டரில் பார்க்காமல் இலங்கைக்கு ரிக்கெற் எடுக்காதீர்கள். மாதத்தில் ஒருநாள் நாடே மூடிவிடும், அது வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் கந்தோருக்கு வாரம் சுருங்கிவிடும்.

யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை, காசும் கேட்கவில்லை. “இருங்கோ அண்ணை” என்று மின்விசிறிக்குக் கீழே கதிரை தந்தார்கள். பக்கத்துக் கதிரையில் ஓய்வூதிய அலுவலாக வந்த ஐயா ஒருவர், அவர் அங்கே எத்தனையாவது தரம் வருகிறார் என்பதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்குப் போக வேறு நாடு இல்லை. என் பிள்ளைகள் வெளியே வேப்பமரத்துக்குக் கீழே இருந்தார்கள். திருகோணமலையில் அவர்கள் மிக நன்றாகக் கண்ட இடம் அந்த வேப்பமரம்.

கடைசியில் பதிவேடு வந்தது. துணிமட்டை கிழிந்த பெரிய புத்தகம். பக்கத்தைப் பிரதியெடுத்து முத்திரை குத்தித் தந்தார்கள். பழைய பதிவுகளில் கையெழுத்து அப்படியே வரும். ‘அறிவித்தவர்’ என்ற கட்டத்தில் அப்பாவின் ஒப்பம். பேனையை அழுத்திப் பிடித்து எழுதுகிறவர், கடைசி எழுத்தின் வால் கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் போயிருந்தது. அப்போது அவருக்கு இன்றைய என் வயதில் பாதிதான் இருக்கும். நான் நகராமல் நின்றதில் பின்னால் நின்ற அம்மா ஒருவர், “தம்பி, முடிஞ்சுதே?” என்றார்.

முடியவில்லை. பதிவில் உள்ள பெயருக்கும் கடவுச்சீட்டிலுள்ள பெயருக்கும் இடையில் ஆங்கிலத்தில் ஓர் எச் எழுத்து கூடுதல். முன்பெயரும் அப்பா பெயரும் இடம்மாறி வேறு. அம்மாவின் மரணச் சான்றிதழோ வெளிநாட்டில் எடுத்தது, அதில் அவருடைய பெயர் இன்னொரு விதம். வேறுவேறாக எழுதிய பெயர்கள் ஒரே ஆளுடையவை என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடிக்கவேண்டும் என்றார் நொத்தாரிசு. முடித்தோம். பிறகு, வெளிநாட்டு மரணச் சான்றிதழை அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திக்கொண்டு வந்தால்தான் எழுதலாம் என்றார். இதை முதல்நாளே சொல்லியிருக்கலாம். அந்தப் பத்து நிமிடக் கையெழுத்தை நான் இன்னும் வைக்கவில்லை.

ஆகவே, காணிக் கதை காதில் விழுந்தால் ரிக்கெற் எடுக்குமுன் காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழை அங்கிருக்கிற உறவினர் ஒருவரே விண்ணப்பித்து எடுத்துவைக்கலாம். பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் இணையத்தளம் வழியாகவும் கேட்கலாம். எந்தெந்தக் கடதாசியில் பெயர் எப்படி இருக்கிறது என்று வீட்டிலேயே ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். வெளிநாட்டுக் கடதாசிகளுக்குத் தூதரக முத்திரையைப் புறப்படுமுன் வாங்கிவிடுங்கள். ‘அற்றோணித் தத்துவம் ஒன்று எழுதித் தந்தால் நீங்கள் வரவே தேவையில்லை’ என்பார்கள், அதாவது உங்களுக்காகக் கையெழுத்து வைக்கிற அதிகாரத்தை இன்னொருவருக்குக் கொடுப்பது. உண்மைதான். ஆனால் பொது அற்றோணி கொடுக்காதீர்கள். இந்தக் காணி, இந்த அலுவல் என்று குறித்து விசேட அற்றோணியாக, உங்களுக்கென்று தனியாக ஒரு நொத்தாரிசிடம் வாசித்துப் பார்த்துக் கொடுங்கள். ‘எனக்கும் ஒரு துண்டுக் காணி வாங்கிப் போடலாமே’ என்று கடற்கரையில் நிற்கும்போது தோன்றும். வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர்களுக்கு வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே நிற்கும். முதுசமாக வருவது வேறு, இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் கதையும் வேறு.

மாமாவோடு கடைசிநாள் நான் சரியாகப் பேசவில்லை. அம்மம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவர் அவர். இந்தக் கோப்போடு அலைந்த நாட்களில் அதை ஒருதரமாவது அவர் சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குக் கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

மிஞ்சிய நேரத்தில் பார்த்தவை.

புறாமலைத் தீவுக்கு நிலாவெளியிலிருந்து படகு. 2003இலிருந்து தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்களம் ரிக்கெற் கொடுக்கிறது. வெளிநாட்டவருக்கு ஒரு விலை, உள்ளூரவருக்கு ஒரு விலை. தமிழில் கதைத்தால் உள்ளூர் விலை கிடைக்கும் என்று எண்ணவேண்டாம், அடையாள அட்டை கேட்பார்கள். வரிசையில் பேரம் பேசிப் பிள்ளைகளை வெட்கப்படவைக்காமல் கட்டிவிடுங்கள். காலையில் போனால் கூட்டமும் குறைவு, தண்ணீரும் தெளிவு. முருகைக்கல்லில் (பவளப்பாறையில்) கால் வைக்காதீர்கள், ஏற்கெனவே நிறையச் செத்துவிட்டது. சின்னச் சுறாக்கள் வரும், ஒன்றும் செய்யா.

நிலாவெளிக்குப் போகிற வழியில், உப்புவெளியில், இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகள் இருக்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டன. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளை வீதியிலிருந்தே காணலாம். கல்லறைப் புல் ஒழுங்காக வெட்டியிருக்கும். நம்முடைய ஆட்களுக்கு அப்படியொரு புல்வெளி எங்கேயுமில்லை என்பது அங்கே நிற்கும்போது உறைக்கும்.

பின்னேரம் எல்லாரும் காந்தி சிலையடிக் கடற்கரையில்தான். 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டது இங்கேதான். பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ஆனால் கையில் ஐஸ்கிறீம் இருக்கும்போது வேண்டாம்.

கன்னியா வெந்நீரூற்று ஏழு கிணறு. ஒவ்வொன்றிலும் சூடு வேறு, வாளியால் அள்ளித் தலையில் ஊற்றலாம். இராவணன் தாய்க்குக் கடன் செய்த இடம் என்பது கதை, இன்றும் இங்கே செத்தவர்களுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்கிறார்கள். அப்பாவுக்கும் இங்கேதான் செய்தார்கள். மாமா நின்று செய்வித்தார், நான் வீடியோவில் பார்த்தேன். பிள்ளையார் கோயில் இருந்த இடத்தைப் பற்றி 2019இல் நீதிமன்றம்வரை போன வழக்கின் சூடு அங்கே இன்னும் ஆறவில்லை. அறிவிப்புப் பலகையில் தமிழர் கதையைத் தேடி வாய்ச்சண்டைக்குப் போகாமல், குளித்துவிட்டு வாருங்கள்.

ஒரு முழுநாளை மூதூர்ப் பக்கத்துக்கு ஒதுக்குங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு அந்தப் பயணம் லேசாகிவிட்டது. மூதூருக்குக் கிட்டவுள்ள சம்பூர்ச் சனம் 2006இல் போரில் எழும்பி ஓடி, பலர் 2015க்குப் பிறகுதான் தங்கள் காணிக்குத் திரும்பினார்கள். அங்கே யாராவது தேத்தண்ணி தந்தால் மறுக்காமல் குடியுங்கள், காணியைப் பற்றி நீங்களாக எதுவும் கேட்காதீர்கள். இன்னும் தெற்கே போனால் வெருகல் முருகன், ஆவணியில் திருவிழா. திரும்பும்போது தெருவோரத்தில் எருமைத் தயிர் சட்டியில் விற்பார்கள். இரவு ரயிலில் கொழும்புக்குக் கொண்டுபோவதென்றால் சட்டியை மேல்தட்டில் வைக்காதீர்கள், மடியில் வையுங்கள். கல்லோயாச் சந்திவரை பெட்டி குலுங்கிக்கொண்டே போகும்.