அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் தலைமைக் கோச் ஆவது: எந்த நாற்காலியில் உட்காருவது, எப்படி நிலைப்பது

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு என்சிஏஏ. அதன் மேல்தட்டான டிவிஷன் 1-இல் ஆண்கள் கூடைப்பந்து அணிகள் சுமார் 360. தலைமைக் கோச் நாற்காலியும் அத்தனைதான். ஆனால் வருடத்துக்கு ஐம்பது நாற்காலியாவது கைமாறும். ஆகவே வாய்ப்பே வராது என்றில்லை. வந்ததில் எதை எடுப்பது, எடுத்தபின் முதல் மூன்று சீசனை எப்படித் தாண்டுவது என்பதில்தான் நல்ல ஆட்ட அறிவு உள்ளவர்களும் சறுக்குகிறார்கள்.

ஏணி

வழக்கமான முதல் படி, முதுகலை படித்துக்கொண்டே அணியில் வேலை பார்க்கும் உதவியாளர் பதவி. கையில் காசு நிற்காது. கல்விக் கட்டணம் மட்டும் கட்ட வேண்டியிருக்காது. அடுத்தது வீடியோ பிரிவு, அல்லது பயணம், ஹோட்டல், சாப்பாடு, பட்ஜெட் ஆகியவற்றைப் பார்க்கும் ஆபரேஷன்ஸ் வேலை. அதற்குப் பிறகே உதவிக் கோச். பிராட் ஸ்டீவன்ஸ் 2000-இல் ஒரு மருந்து நிறுவன வேலையை விட்டுவிட்டு பட்லர் பல்கலையில் இந்த வழியில்தான் நுழைந்தார். 2007-இல், 30 வயதில், தலைமைக் கோச் ஆனார். 2010, 2011 இரண்டு ஆண்டும் அணியை தேசிய இறுதிப்போட்டிவரை கொண்டுபோனார். இன்னொரு வழி உயர்நிலைப்பள்ளி. டான் ஹர்லி பள்ளிக் கோச்சாக இருந்து வாக்னர், ரோட் ஐலண்ட் பல்கலைகள் வழியாக கனெக்டிகட் பல்கலைக்குப் போனவர். அங்கே 2023, 2024 என அடுத்தடுத்து தேசிய சாம்பியன் பட்டம்.

பெயர்பெற்ற அணியில் பத்து வருடம் உதவிக் கோச்சாக உட்கார்ந்திருப்பதைவிட, கீழ்த்தட்டான டிவிஷன் 2, 3 அல்லது ஜூனியர் காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரி) மூன்று வருடம் தலைமைக் கோச்சாக இருப்பது நல்ல பயிற்சி. உதவியாளர் ஆலோசனை சொல்வார். அது தப்பாகப் போனால் பழி அவர் தலையில் விழாது. நட்சத்திர ஆட்டக்காரனை பெஞ்சில் உட்காரவைப்பதும், கூட வேலை செய்பவரை நீக்குவதும் சொந்தமாகச் செய்தால்தான் பழகும்.

வேலைச் சந்தை எங்கே என்று கேட்டால், ஃபைனல் ஃபோர், அதாவது தேசியத் தொடரின் அரையிறுதியும் இறுதியும், நடக்கும் ஊர்தான். கோச்சுகள் சங்க மாநாடும் அதே நாட்களில் அங்கேயே நடக்கும்.

ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை

நேர்காணலில் எல்லோரும் தங்கள் ஆட்டமுறையைப் பேசுகிறார்கள். விளையாட்டுத் துறை இயக்குநருக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. முதல் 90 நாளில் என்ன செய்வீர்கள், உதவிக் கோச்சுகள் யார் யார், எந்தப் பகுதியிலிருந்து ஆட்டக்காரர்களைக் கொண்டுவருவீர்கள் என்பதைப் பெயரோடு சொல்லுங்கள். பிறகு நீங்கள் கேளுங்கள்.

இந்தக் கல்லூரியில் கடந்த பத்து வருடத்தில் யாராவது ஜெயித்திருக்கிறார்களா? மூன்று கோச்சுகள் வரிசையாகத் தோற்றிருந்தால் நோய் கோச்சிடம் இல்லை. உதவிக் கோச்சுகளின் சம்பளத்துக்கு மொத்தம் எவ்வளவு ஒதுக்கீடு? உங்கள் சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது அந்தத் தொகையை ஏற்றிக்கொள்வது லாபம். ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவு? 2025 ஜூலை 1 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருட உச்சவரம்பு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2.05 கோடி டாலர். அதை எட்டும் கல்லூரிகள் குறைவு, அதிலும் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்குப் போய்விடும். ஆகவே கூடைப்பந்தின் பங்கு என்ன என்பதை எண்ணாக, எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்த கேள்வியைப் பலர் மறக்கிறார்கள்: காசுக்காக ஆடும் வெளியூர் ஆட்டங்கள் எத்தனை? பெரிய கல்லூரி சின்னக் கல்லூரியைத் தன் அரங்கத்துக்கு அழைத்து, ஓர் ஆட்டத்துக்கு 80 ஆயிரம், 90 ஆயிரம் டாலர் என்று கொடுக்கும். பெரும்பாலும் தோற்பதற்கான கூலி அது. துறையின் பட்ஜெட்டை நிரப்ப அப்படி ஐந்து ஆட்டம் ஆடியாக வேண்டுமென்றால், நவம்பரிலேயே 0–5 என்று தொடங்குவீர்கள். சீசன் முடிவில் யாருக்கும் அந்தக் காரணம் நினைவிருக்காது, எண்ணிக்கைதான் இருக்கும்.

ஒப்பந்தம்

வக்கீல் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஐந்து வருட ஒப்பந்தம் என்பதைவிட முக்கியம், காரணமின்றி நீக்கினால் மீதிச் சம்பளத்தில் எவ்வளவு கிடைக்கும் என்பது. "காரணத்தோடு" நீக்கினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. அந்தக் காரணப் பட்டியலில் "குற்றச்சாட்டு எழுந்தால்" என்று இருந்தால், "நிரூபணமானால்" என்று மாற்றச் சொல்லுங்கள். நீங்களாக விலகினால் கட்ட வேண்டிய தொகை வருடாவருடம் குறைய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கல்லூரி தயங்கும். மீதிக்காலம் இரண்டு வருடத்துக்குக் கீழே இறங்கினால் ஆட்டக்காரர்களின் பெற்றோர், "பையன் படிப்பு முடியும்வரை நீங்கள் இருப்பீர்களா?" என்று கேட்பார்கள். தோற்கிற கோச்சுக்குக்கூட சிலசமயம் நீட்டிப்பு கொடுப்பது இதற்காகத்தான்.

முதல் வாரம்

கோச் மாறியதும் அந்த அணியின் ஆட்டக்காரர்களுக்கு டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்புபவர்கள் பெயர் பதியும் பட்டியல்) தனி அவகாசம் திறக்கும். ஆகவே செய்தியாளர் சந்திப்புக்கு முன்பே இருக்கும் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிடுங்கள். வரப்போவதாக வாக்குக் கொடுத்த பள்ளி மாணவர்களை அதே நாளில் போனில் பிடியுங்கள். நேரடியாகப் பணம் கொடுக்கும் புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் அணிக்கு 15 பேர் வரம்பு. எல்லா இடத்தையும் கடைசி வருட மாணவர்களால் நிரப்பினால் முதல் சீசன் பளபளக்கும், அடுத்த ஏப்ரலில் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆள் தேட வேண்டும்.

பயிற்சிக் கணக்கு

சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம், ஒரு நாள் விடுமுறை: இதுதான் வரம்பு. எத்தனை மணி நேரம் ஆடினாலும் ஓர் ஆட்டம் 3 மணி நேரமாகவே கணக்கில் வரும். இரண்டு ஆட்டம் உள்ள வாரத்தில் 6 போக 14 மிச்சம். விடுமுறை போக நான்கு நாள், நாளுக்கு மூன்றரை மணி. எடைப்பயிற்சியும் வீடியோ பார்ப்பதும் அதற்குள்தான். ஆகவே மைதானத்தில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் அதிகம்.

யூசிஎல்ஏ பல்கலையில் பத்து தேசிய சாம்பியன் பட்டம் வென்ற ஜான் வுடன் அன்றைய பயிற்சியை நிமிடம் நிமிடமாகச் சின்ன அட்டையில் எழுதி வைத்துக்கொள்வார். அதைவிட நல்ல முறை இன்னும் வரவில்லை. அட்டை இல்லாத பயிற்சியில் ஐந்துக்கு ஐந்து ஆட்டம் நீண்டுகொண்டே போகும். கடைசியில் வெட்டுப்படுவது ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையில்லா எறி) பயிற்சி.

ஆட்டத்தில்

ஆண்கள் ஆட்டத்தின் ஒவ்வொரு பாதியிலும் 16, 12, 8, 4 நிமிடத்துக்குக் கீழே கடிகாரம் நிற்கும்போது தொலைக்காட்சி இடைவேளை வரும். ஆள் மாற்றத்தை அதைச் சுற்றி அமையுங்கள். சொந்த டைம்அவுட் நான்கே. முப்பது நொடி டைம்அவுட்டில் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். மூன்று சொன்னால் மூன்றும் போகும்.

மறுநாள் காலை ஸ்கோரைப் பார்க்காமல் பொசஷன் கணக்கைப் பாருங்கள். பந்து ஒருமுறை உங்கள் அணியிடம் வந்து எதிரணிக்குப் போகும்வரை ஒரு பொசஷன். எறிந்த ஷாட்டுகளில் தாக்குதல் ரீபவுண்டை (தவறிய சொந்த ஷாட்டை மீண்டும் பிடிப்பது) கழித்து, டர்னோவரை (ஷாட் எறியாமலே பந்தை இழப்பது) கூட்டி, ஃப்ரீ த்ரோ முயற்சிகளை 0.475-ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும். 58 ஷாட், 10 ரீபவுண்ட், 12 டர்னோவர், 20 ஃப்ரீ த்ரோ என்றால் 69.5 பொசஷன். அதில் 73 புள்ளி எடுத்திருந்தால் நூறு பொசஷனுக்கு 105. சுமாரான தாக்குதல்தான். அப்படியும் தோற்றிருந்தால் முதலில் தடுப்பாட்டத்தைப் பாருங்கள்.

வேலை போகும் வழிகள்

தோல்வி மட்டுமல்ல. உதவித்தொகை பெறும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு கல்விப் புள்ளி: தகுதியோடு இருந்தால் ஒன்று, கல்லூரியில் நீடித்தால் ஒன்று. இந்தப் புள்ளிகளை ஆயிரத்துக்குக் கணக்கிட்டு, அணி 930-க்குக் கீழே போனால் போட்டித்தொடருக்கே போக முடியாது. 2011-இல் பட்டம் வென்ற கனெக்டிகட், 2013-இல் இப்படித்தான் வெளியே நின்றது. உதவிக் கோச் விதி மீறினாலும் பொறுப்பு உங்களுடையது. சிரக்யூஸ் பல்கலையின் கோச் ஜிம் பேஹைமுக்கு 2015-இல் ஒன்பது ஆட்டத் தடை வந்தது, பழைய வெற்றிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. ஆகவே ஆட்டக்காரர்களோடும் பெற்றோரோடும் யார் என்ன பேசினார்கள் என்பதை வாரம் ஒருமுறை எழுதி, கல்லூரியின் விதிக் கண்காணிப்பு அதிகாரிக்கு அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

பொறுமையை நம்பி இறங்க வேண்டாம். பின்னாளில் பெரும் புகழ்பெற்ற கோச் மைக் ஷஷெஃப்ஸ்கி, ட்யூக் பல்கலையில் முதல் மூன்று சீசனில் 38 வெற்றி, 47 தோல்வி. இன்று அந்தக் கணக்கோடு நான்காம் சீசன் கிடைப்பது கஷ்டம். மூன்றாம் சீசன் தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தின் நீக்கப் பக்கத்தை எடுத்து வக்கீலோடு இன்னொருமுறை படித்துவிடுங்கள்.