கடைமடையிலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு

விசா, வங்கிக் கடன், ஐஇஎல்டிஎஸ் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அதற்கெல்லாம் நடுவில் விட்டுப்போகிற ஒரு வேலையை நான் சொல்கிறேன். கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கி, உங்கள் ஊருக்குத் தண்ணீர் வரும் வழியைப் போய்ப் பாருங்கள்.

எனக்குத் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கோரையாற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. 2019இல் நீர் மேலாண்மை படிக்க நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துக்குப் போனேன். போவதற்கு முன் அப்பாவோடு டிவிஎஸ் ஃபிஃப்டியில் நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பு என்கிற மதகு வரை போனேன். காவிரியின் கிளையான வெண்ணாறு அங்கேதான் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. ஷட்டரை எந்தக் கணக்கில் ஏற்றி இறக்குகிறீர்கள் என்று, மதகைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான லஸ்கர் அண்ணனைக் கேட்டேன். முறை வைத்து விடும்போது எங்கள் ஊருக்குத் தண்ணீர் எத்தனை நாளில் வரும், எந்த ஊரோடு தகராறு வரும், யார் பேசித் தீர்ப்பார்கள் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வகுப்பில் வாயைத் திறக்க வைத்தது அந்த நோட்டுதான். நெதர்லாந்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மழைத் தண்ணீரை இறைத்து வெளியேற்றியே ஆக வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள 21 நீர் வாரியங்கள் உண்டு. ரைன்லாந்து வாரியம் 1255இலிருந்து இருக்கிறது. நாலு வருஷத்துக்கு ஒரு முறை மக்கள் ஓட்டுப் போட்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கேட்டதும் எனக்கு ஐப்பசி கார்த்திகையில் வடியாமல் நிற்கும் எங்கள் சம்பா வயல் ஞாபகம் வந்தது. “பள்ளத்து வயல்காரருக்கும் மேட்டு வயல்காரருக்கும் சண்டை வந்தால் யார் தீர்ப்பார்கள்?” என்று கேட்டேன். அன்று வகுப்பு முடிந்தும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவர்கள் நம்மைப் பற்றிக் கேட்கவும் அப்படித்தான் வழி திறக்கும்.

போகிற நாட்டுக்கும் நம் ஊருக்கும் பழைய தொடர்பு ஏதாவது இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். டச்சுக்காரர்கள் 1658இல் நாகப்பட்டினத்தைப் பிடித்து 1781 வரை வைத்திருந்தார்கள். ஆனைமங்கலம் கிராமத்தை நாகப்பட்டினத்துச் சூடாமணி பௌத்த விகாரத்துக்குக் கொடுத்த சோழர் செப்பேடுகள் நெதர்லாந்தின் லைடன் நகரம் வரை போனது இப்படித்தான். இதைச் சொன்னால் அங்கே பல பேருக்குப் புதுச் செய்தி.

பெட்டி கட்டும்போது கவனம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நெய், பால்கோவா எதுவும் கொண்டுபோகக் கூடாது. செடி, விதை, இலைக்குச் சான்றிதழ் வேண்டும். அப்பாயி கறிவேப்பிலையை ஈரத்துணியில் சுற்றி, கூடவே ஒரு பிடி மாப்பிள்ளைச் சம்பா விதைநெல்லும் வைத்துக் கொடுத்தார். இரண்டையும் பெட்டியிலிருந்து எடுத்து வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போனேன். கறிவேப்பிலையில் ஒட்டிக்கொண்டு வரும் ஒரு சின்னப் பூச்சி ஆரஞ்சு, எலுமிச்சைத் தோப்புகளையே அழிக்கும் நோயைப் பரப்பும். மாட்டினால் அபராதம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, இன்னொரு விவசாயியின் தோப்பும் தோப்புதானே. பருப்புப்பொடி, புளி, வடகம் போதும்.

இனி அக்கம்பக்கம். போன புதிதில் பிள்ளையார் சதுர்த்தி வந்தது. நம் வழக்கப்படி ஒரு கிண்ணத்தில் கொழுக்கட்டையோடு மேல்மாடி அம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் வாசலிலேயே நின்றார். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, உள்ளே போய் டைரியை எடுத்து வந்து, “வியாழக்கிழமை பத்து மணி, காபி” என்று எழுதினார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் வியாழனன்று இரண்டு கோப்பையும் கழுவிய கிண்ணமும் பழைய ஆல்பமும் மேஜை மேல் தயாராக இருந்தன. 1953 பிப்ரவரி 1 அன்று கடல் அணைகள் உடைந்து அந்த நாட்டில் 1,836 பேர் இறந்தார்கள். அப்போது கடலோர மாகாணமான ஜீலாந்தில் அவருக்கு எட்டு வயது, பரண் மேல் இரண்டு ராத்திரி இருந்திருக்கிறார். நான் போனில் கஜா புயலில் சாய்ந்த எங்கள் தென்னைகளைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். “திரும்ப நட்டீர்களா?” என்று கேட்டார். அங்கே முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போவதுதான் மரியாதை, உங்களுக்காகத் தனியாக நேரம் எடுத்து வைக்கிறார்கள். உங்கள் கட்டுரையைப் பார்த்து “இது சரியில்லை” என்று நேராகச் சொல்வதும் அப்படித்தான், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மற்றபடி, பழைய சைக்கிள் வாங்குங்கள், முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். பாத்திரம், குளிர்கோட்டு எல்லாம் கிரிங்லோப் என்கிற பழைய சாமான் கடையில் கிடைக்கும், ஊர் திரும்பும்போது அங்கேயே கொடுத்துவிடலாம். காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் திரும்பப் போட்டால் சின்னதுக்கு 15 சென்ட், பெரியதுக்கு 25 சென்ட் கிடைக்கும். வடை சுட்ட எண்ணெயை சிங்க்கில் ஊற்றாதீர்கள். ஆறவைத்து பாட்டிலில் அடைத்தால், அதைப் போடப் பல சூப்பர் மார்க்கெட்டுகளில் தொட்டி இருக்கும். பிரஸ்ஸல்ஸ், பாரிஸுக்கு விமானம் வேண்டாம், ரயிலே போகும்.

அப்புறம், லீவில் வரும்போது லஸ்கர் அண்ணனைப் போய்ப் பாருங்கள். நான் அங்கத்திய பம்ப் ஹவுஸ் வீடியோவைக் காட்டினேன். இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, “மழை நேரத்துல கரண்ட் போனா என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் போனதும் முதல் வகுப்பில் அதைத்தான் கேட்டேன்.