குவாண்டம்ல "பார்த்தா மாறிடும்"னு சொல்றவங்க பண்ற தப்புகள்

ஒவ்வொரு வருஷமும் டபுள் ஸ்லிட் பாடம் (ரெண்டு மெல்லிசான பிளவு வழியா எலக்ட்ரானை அனுப்பினா பின்னாடி ஸ்க்ரீன்ல அலை மாதிரி கோடு கோடா விழும், எந்தப் பிளவு வழியா போச்சுன்னு கண்டுபிடிச்சா அந்தக் கோடு மறைஞ்சுடும்) எடுக்கும்போது யாராவது ஒருத்தர் கண்ணு விரிய சொல்வாங்க, "நாம பார்த்தா எலக்ட்ரான் மாறிடும்ல சார்!" படிக்கற காலத்துல நானும் இதையேதான் சொல்லிட்டு திரிஞ்சேன், அதனாலதான் கேட்டதும் மனசு பதறுது. யூனிட் மாத்தி போடறது, ஃபார்முலா மறக்கறது எல்லாம் பழகப் பழக சரியாயிடும், அதை விட்டுடறேன்.

யாரோ ஒருத்தர் பார்த்தாதான் "பார்க்கறது"ன்னு நினைக்கறது

இந்தத் தப்பு எனக்கு ரெண்டு வருஷத்தை தின்னுடுச்சு. எம்எஸ்சி செமினார்ல, மனுஷ மனசுதான் ரியாலிட்டியை முடிவு பண்ணுதுன்னு உருக்கமா பேசி முடிச்சேன். பின்னாடி உட்கார்ந்திருந்த புரொஃபசர் கேட்டார், "ஸ்லிட் பக்கத்துல டிடெக்டர் ராத்திரி பூரா ஓடுது, லேப்ல ஆளே இல்ல, ஆறு மாசம் கழிச்சுதான் நீ ஃபைலைத் தொறக்கற. ஸ்க்ரீன்ல கோடு விழுந்திருக்குமா, இல்லையா?" வாயடைச்சு நின்னேன்.

விழுந்திருக்காது. எந்த ஸ்லிட் வழியா போச்சுங்கற தடயம் டிடெக்டர்ல பதிஞ்சப்பவே இன்டர்ஃபியரன்ஸ் (ரெண்டு வழியும் அலை மாதிரி கலந்து கோடு உண்டாக்கறது) போயிடுச்சு, நீங்க ஃபைலைத் தொறந்தாலும் தொறக்காட்டியும் ஒண்ணுதான்.

இன்னும் நம்பிக்கை வரலைன்னா, 2004ல வியன்னால பண்ணின சோதனையைப் பாருங்க. 70 கார்பன் அணு சேர்ந்த மூலக்கூறை இன்டர்ஃபெரோமீட்டர் (அலையை வெவ்வேறு வழில பிரிச்சு திரும்ப சேர்க்கற கருவி) வழியா அனுப்பறாங்க, கோடு பளிச்சுன்னு வருது, அப்புறம் லேசர் அடிச்சு அதை சூடாக்க சூடாக்க கோடு கொஞ்சம் கொஞ்சமா மங்கி கடைசில காணாமலே போகுது. ஏன்னா சூடான மூலக்கூறு தானாவே ஒளியை வெளிய விடுது, தான் எங்க இருக்கோம்ங்கற தகவல் அந்த ஒளியோடயே கசிஞ்சு போகுது. அந்த ஒளியை யாரும் பிடிக்கல, யாரும் பார்க்கவும் இல்ல! கசிஞ்சதே போதும். இதுக்குப் பேருதான் டீகோஹியரன்ஸ்.

"இயற்பியலாளர் விக்னரே மனசுதான் காரணம்னு சொன்னாரே"ன்னு கேப்பீங்க. 1961ல சொன்னார், உண்மைதான், ஆனா பின்னாடி ட்ஸேங்கற இயற்பியலாளர் டீகோஹியரன்ஸ் பத்தி எழுதினதைப் படிச்சுட்டு அந்தக் கருத்தை விட்டுட்டார். முதல் பாதியை மட்டும் பிடிச்சுட்டு வீடியோ போடறவங்களைப் பார்த்தா இன்னிக்கும் கோவம் வருது, ஆர்வத்தோட வர்ற பசங்க முதல்ல மாட்டறதே அங்கதான்.

தட்டி விடறதாலதான் மாறுதுன்னு நினைக்கறது

இந்த நினைப்பு 1927ல இயற்பியலாளர் ஹைசன்பர்க் சொன்ன மைக்ரோஸ்கோப் உதாரணத்துல இருந்து வந்தது: ஒளி போய் எலக்ட்ரானை இடிக்குது, அதனால குழம்புதுன்னு. ஆனா 1998ல ரெம்பேங்கற இயற்பியலாளரோட குழு ருபீடியம் அணு எந்த வழியா போச்சுன்னு அதோட உள்நிலையிலேயே (அணுவுக்குள்ள இருக்கற ஆற்றல் நிலை) மைக்ரோவேவ் வச்சு குறிச்சாங்க. அந்த மைக்ரோவேவ் கொடுத்த இடி, கோடு அழியறதுக்கு ஆயிரக்கணக்கான மடங்கு பத்தாது, ஆனாலும் கோடு அழிஞ்சுது. வழி தெரியற மாதிரி ஒரு குறி இருந்தாலே போதும்.

எதை தொட்டாலும் கலைஞ்சிடும்னு நினைக்கறது

இன்டர்ஃபெரோமீட்டர்ல ஃபோட்டான் கண்ணாடில பட்டுதான் திரும்புது, கோடு அப்படியே இருக்கு. கண்ணாடி அவ்வளவு கனம், எந்த வழின்னு சொல்ற தடயம் அதுல தங்கறதில்ல.

மனசு வச்சா வேண்டிய விடை வரும்

வராது. எந்த விடைக்கு எவ்வளவு வாய்ப்புன்னு 1926ல இயற்பியலாளர் போர்ன் சொன்ன விதிப்படிதான், உங்க ஆசைக்கு அதுல இடமே இல்ல.

என்டாங்கிள்மென்ட் (தூரத்துல இருக்கற ரெண்டு துகளோட விடைகள் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கறது) வச்சு ஒளியை விட வேகமா செய்தி அனுப்பலாம்

முடியாது.

டீகோஹியரன்ஸ்னு சொன்னா கதை முடிஞ்சது

முடியல. கோடு ஏன் மறையுதுன்னு அது சொல்லும், ஆனா ஒவ்வொரு தடவையும் ரெண்டு டிடெக்டர்ல ஒண்ணு மட்டும் ஏன் கிளிக் ஆகுதுங்கறதுக்கு ஒருத்தர் எல்லா விடையும் தனித்தனி உலகத்துல நடக்குதுங்கறார், இன்னொருத்தர் நிஜமாவே கொலாப்ஸ் (பல வாய்ப்புல ஒண்ணு மட்டும் மிஞ்சறது) ஆகுதுங்கறார், எல்லாரும் ஒத்துக்கிட்ட பதில் இன்னும் வரல. அந்த புரொஃபசர் கிட்டயும் இதைக் கேட்டேன், "அதுதான் உருப்படியான கேள்வி, உட்காரு"ன்னார்.